நோம்புக்கு அடித்த சுண்ணாம்பு

கனமூலைக் கிராமத்துக்குள் வர வெள்ளத்துக்கு ஓர் இரவு போதுமாக இருந்தது. அரசாங்கத்துக்கு இரண்டு மாதம் போதவில்லை. தண்ணீர் வடிந்த கையோடு கிராம சேவகர் வந்தார். வீட்டைப் பரிசோதிக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வருவார், அதுவரை எதையும் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹிதாயா அந்தச் சொல்லைத் தலைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சுவரில் ஜன்னல் உயரத்துக்கு வெள்ளம் இழுத்துவிட்டுப் போன சேற்றுக் கோட்டை யாரும் துடைக்கக்கூட அவள் விடவில்லை.

அதிகாரி வரவில்லை. நோம்பு வந்தது.

நோம்புக்கு முன்னால் கழுவிச் சுண்ணாம்பு அடிக்காத வீடு அந்த ஒழுங்கையில் கிடையாது. பக்கத்து வீட்டு அஸீஸா தன் வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பில் மிஞ்சியதை வாளியோடு கொடுத்தாள். சேற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டா நோம்பு பிடிப்பது? ஹிதாயாவுக்கு மனம் கேட்கவில்லை. புருஷன் லத்தீப் உப்பளத்துக்குப் போன ஒரு பகலில், கோடு போகும்வரை தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி, சுவர் முழுக்க வெள்ளை அடித்து முடித்தாள். வீடு பளிச்சென்று ஆகிவிட்டது. அதுவே வினையாகவும் போய்விட்டது.

நாலாம் நோம்பன்று செய்தி வந்தது. மறுநாள் காலை அதிகாரி வருகிறாராம்.

லத்தீப் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது நெஞ்சு ஆறியிருக்கும்.

"முழுச் சேதம் எண்டு எழுதினாத்தான் வேற வீடு கிடைக்கும்," என்றான். "இந்த வெள்ளைச் சுவரப் பாத்து அவர் என்னத்த எழுதப் போறார்?"

வெள்ளைக்கு உள்ளே களிமண் ஊறி உளுத்துக் கிடந்தது அவர்களுக்குத்தான் தெரியும். மகள் ஷிம்லா படுக்கும் பக்கம் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. காற்றுக் கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், ஹிதாயா எழுந்து பிள்ளையைப் பாயோடு வாசற்பக்கம் இழுத்துவிடுவாள். அவள் ஒழுங்காகத் தூங்கி எவ்வளவோ நாளாகிவிட்டது. வேறு வீடு இல்லையென்றால் இந்தச் சுவரோடுதான் இனியும் காலம் தள்ள வேண்டும்.

விடிந்ததும் அகப்பைக் காம்பால் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தாள். கோட்டின் அடையாளமே இல்லை. அவள் கழுவிய கழுவல் அப்படி.

அஸீஸா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சேத்தக் கரைச்சுப் பூசிவிடு புள்ள."

"நோம்போட பொய் வேல செய்யச் சொல்றீங்களா ராத்தா?"

"என்ன பொய்? வெள்ளம் வரல்லயா? இருந்தத இருந்த இடத்துல வெக்கிற, அவ்வளவுதான்."

ஹிதாயா சேற்றைக் கரைத்துப் பூசினாள். கோடு கோணலாகத்தான் வந்தது.

பூசி அரை மணித்தியாலம் இருக்காது, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இரண்டு மாதம் பிந்தி வந்த மனிதர் அன்றைக்கென்று நேரத்தோடு வந்துவிட்டார். உள்ளே வந்து நேராகக் கோட்டில் விரலை வைத்தார். விரல் ஈரச் சேற்றோடு திரும்பி வந்தது. அதை ஹிதாயாவிடம் காட்டினார்.

"இது இண்டைக்குப் பூசினது."

லத்தீப் நிலத்தைப் பார்த்தான். ஹிதாயாவுக்குக் காதெல்லாம் சுட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள். முடிந்ததற்குப் பிறகு பயந்து என்ன செய்ய?

"ஓம் சேர், நான்தான் பூசின. சுண்ணாம்பு அடிச்சதும் நான்தான். நோம்பு வந்திட்டு, நீங்க வரல்ல. ஆனா வெள்ளத்த நான் கொண்டு வரல்ல."

அவர் மூலைக்குப் போய்க் குந்தி, சுவரின் அடியில் பேனையால் குத்தினார். பேனை தடையில்லாமல் முழுவதும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கூடவே ஒரு சிரட்டை அளவு மண் கொட்டியது. அப்போது ஷிம்லா அந்தச் சுவரில்தான் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"மகள இஞ்சால எடுங்க," என்றார் அதிகாரி. சொன்ன வேகத்தில் தானும் வாசலுக்கு வந்துவிட்டார்.

முற்றத்தில் நின்று எழுதினார். "முழுச் சேதம்," என்று சத்தமாகவும் சொன்னார். ஹிதாயாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் ஓர் அல்ஹம்துலில்லாஹ் கேட்டது.

அதிகாரி பையிலிருந்து சிவப்பெழுத்து நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கதவில் ஒட்டினார். "இது ஆபத்தான வீடு. இனி இதுக்குள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"அப்ப இண்டைக்கு நாங்க எங்க படுக்கிற சேர்?"

"அது எங்கட பகுதி இல்ல. அதுக்கு வேற ஆக்கள் வருவாங்க."

"அவங்க எப்ப வருவாங்க?"

அவர் ஹெல்மட்டை மாட்டினார். லத்தீப் உள்ளே போய்ப் பாய்களை ஒவ்வொன்றாக முற்றத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினான்.