ஏழாவது பாஸ்போர்ட்

ஜம்புநாதன் சாருக்கு நான் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். வாங்கியது இரண்டாயிரம். ஊரில் மகள் எழிலரசியை நர்சிங் காலேஜில் சேர்க்கக் கேட்டேன். எனக்கு பாங்க் கணக்கு இல்லை என்பதால் ரொக்கமாகவே எடுத்து வந்து கொடுத்தார். அவர் வீட்டு விசேஷம் இரண்டுக்குச் சமைத்து நூற்று அறுபதைக் கழித்திருந்தேன். பணத்தை எண்ணி வைக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பேப்பர்லாம் சரியா இருக்கில்ல, சுப்பையன்?"

"இருக்குதுங்க," என்றேன்.

இருக்கவில்லை. சமையல்காரனாக என்னை அமெரிக்காவில் பிளானோவுக்குக் கூட்டி வந்த ஓட்டலைத் தொண்ணூற்றெட்டில் மூடிவிட்டார்கள். அதோடு என் விசாவும் போனது. பிறகு ஒரு இனிப்புக் கடையின் பின்கட்டில் நின்று சமோசா மடித்து, சனிக்கிழமை சாயங்காலம் கையில் கூலி வாங்கிக்கொண்டிருந்தேன். பேப்பர் இல்லாதவனுக்கு யார் இரண்டாயிரம் டாலர் கொடுப்பார்கள்? அதனால் சொன்ன பொய். ஒரு வார்த்தைதானே என்று நினைத்தேன்.

இரண்டாயிரமாவது வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். அவர் சம்சாரம் விசாலாக்ஷியம்மா இன்டர்நெட்டில் பார்த்து பிரின்ட் எடுத்தவை. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே நடுக்கடலில் ஷெட்லாந்து என்று தீவுக் கூட்டமாம். அதிலும் கடைக்கோடியில் இருக்கிற சின்னத் தீவில் ஒரு கல்வீட்டை ஜூலையில் எட்டு நாளுக்கு வாடகை பேசியிருந்தார்கள். ஓட்டல் கிடையாது. ஒரே ஒரு கடை, அதுவும் கப்பல் வந்தால்தான் சாமான். வீட்டில் அடுப்பும் பாத்திரமும் இருக்கும், நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். சாருடன் ஆபீசில் வேலை பார்க்கிற சேனாபதி சாரும் அவர் சம்சாரம் காமாக்ஷியும் மகன் ஆர்யனும் வருகிறார்கள். இவர்கள் பக்கம் மகள் மானஸாவோடு மூன்று பேர்.

"ஆறு பேரும் வெஜிடேரியன். அங்க போய் மீனை வேடிக்கை பாத்துட்டு நிக்க முடியாது," என்றார் விசாலாக்ஷியம்மா. "என்னென்ன கொண்டுபோகணும், எவ்ளோ கொண்டுபோகணும்னு நீங்க ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க."

சேனாபதி சார் சிரித்தார். "லிஸ்ட் எதுக்கு? சுப்பையனையே பேக் பண்ணி எடுத்துட்டுப் போயிடலாம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் ஜம்புநாதன் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்ல ஐடியாவா இருக்கே. டிக்கெட் நான் எடுக்கறேன். எட்டு நாள் சமைச்சுப் போடுங்க. அந்த ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சத்தை அதோட முடிச்சுக்கலாம். என்ன சொல்றீங்க?"

அமெரிக்காவை விட்டு வெளியே கால் வைத்தால் எனக்குத் திரும்பி வர வழி கிடையாது. அதை அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகும். மேசையைச் சுற்றி ஐந்தாறு முகம், மானஸா வேறு நிற்கிறாள்.

"பாக்கலாமுங்க," என்றேன்.

எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் முடியாது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இவர்கள் சந்தோஷப்பட்டார்கள். காமாக்ஷியம்மா அங்கேயே காகிதத்தில் ஆறை அடித்து ஏழு என்று எழுதினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் திட்டம்தான். எனக்கு எழுதப் படிக்க முப்பத்தெட்டு வயதில்தான் வந்தது. ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகும். இருந்தும் எழுதிக் கொடுத்தேன். பொன்னி அரிசி பதினான்கு பவுண்டு, வறுத்த ரவை எட்டு, துவரம்பருப்பு நான்கு. மாவு அரைத்து வைக்கலாம் என்றார் விசாலாக்ஷியம்மா. அந்தக் குளிரில் மாவு புளிக்காது, ரவை இட்லியும் அடையும் போதும் என்றேன். கல்யாணச் சீராக வந்த மிக்ஸி ஒன்று அவர்கள் கராஜில் பத்து வருடமாகத் தூங்கியது. அமெரிக்கக் கரண்டில் அது ஓடாது. தீவில் நம் ஊர் கரண்ட் மாதிரியே இருநூற்று நாற்பது வோல்ட்டாம். "கடைசியில என் மிக்ஸிக்கு ஒரு நாடு கிடைச்சுது," என்று அம்மா அதைத் துடைத்து எடுத்து வைத்தார்.

"ஜூலையில அங்க ராத்திரி பத்தரைக்குத்தான் பொழுது சாயுமாம்," என்றார் சேனாபதி சார். "பிரதோஷத்துக்கு விரதம் இருந்தா ஜம்பு அதுவரைக்கும் பட்டினி."

"நான் டெக்சாஸ் டைம் ஃபாலோ பண்ணிக்கறேன், போ."

"அப்போ விடியக்காலைல சாப்பிடு. சுப்பையன், நீங்க அலாரம் வெச்சுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எப்படித் தப்பிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் என்றால் எனக்கு வாந்தி வருமுங்க என்றேன் ஒரு வாரம். அடுத்த வாரம் விசாலாக்ஷியம்மா அதற்கு மாத்திரை வாங்கி வைத்திருந்தார். குளிர் தாங்க மாட்டேன் என்றேன். சேனாபதி சார் தன்னுடைய பனிக்கோட்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டு, கை நீளம் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். கடையில் லீவு தர மாட்டார்கள் என்றேன். ஜம்புநாதன் சார் முதலாளியிடம் தானே பேசுவதாகச் சொன்னார். மானஸா பஃபின் என்ற பறவைப் படத்தைக் காட்டினாள், ஆரஞ்சு மூக்கோடு. "அங்கிள், வி வில் சீ திஸ் டுகெதர், ஓகே?" என்றாள். நான் தலையாட்டினேன். ஒரு பிள்ளையிடமும் பொய் சொன்னேன்.

ஜூன் முதல் வாரம் டிக்கெட் வந்தது. திருப்பிக் கொடுத்தால் காசு வராத டிக்கெட். என் பெயர் அச்சடித்த உறையை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து அவ்வளவாகத் தெரியாது, ஆனால் என் பெயர் தெரியும். அந்த உறையை மேசையில் திருப்பி வைக்கும்போது கை வியர்த்து ஒரு மூலை நனைந்துவிட்டது. கடையில் எண்ணெய்க் கை என்று சொன்னேன்.

மறு ஞாயிறு பாஸ்போர்ட்டுகளைச் சேகரித்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டு விசா வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்ப வேண்டும். குழந்தைகள் இங்கே பிறந்தவர்கள், அவர்களுக்கு விசா தேவையில்லை, இருந்தாலும் ஆறும் அடுக்கி இருந்தன.

"உங்களுது?" என்றார் சார்.

"தொலஞ்சு போச்சுங்க."

கோபித்துக்கொள்வார், டிக்கெட் போனால் போகிறது என்று விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "இதுக்கா மூஞ்சி இப்படி ஆச்சு? ஹூஸ்டன்ல நம்ம கான்சுலேட் இருக்கு. நான் டே ஆஃப் போடறேன். வெள்ளிக்கிழமை நாமளே போய் அப்ளை பண்ணிடலாம்."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் அபார்ட்மென்ட் வாசலில் அவர் கார் நின்றது. விசாலாக்ஷியம்மா ஃபிளாஸ்க்கில் காபியும் டப்பாவில் தயிர்சாதமும் கொடுத்து அனுப்பியிருந்தார். நான் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். டாலஸ் தாண்டியது. அவர் தீவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பத்து வருடமாக லீவு என்றாலே இந்தியா, மாமனார் வீடு, அம்மா வீடு, கல்யாணம், கருமாதி. தனக்கென்று ஒரு இடம் பார்த்துப் போவது இதுதான் முதல் தடவை என்றார். ஒன்றரை மணி நேரம் என்னை உட்கார வைத்து ஓட்டினார். கோர்சிகானா என்ற ஊரில் பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"ஹூஸ்டன் போக வேண்டாமுங்க சார்."

"ஏன், போட்டோ மறந்துட்டீங்களா? அங்க எடுத்துக்கலாம்."

"பாஸ்போர்ட் தொலையலீங்க. ரூம்லதான் இருக்குது. விசா முடிஞ்சு ரெண்டு வருசமாச்சுங்க. போனா என்னைத் திரும்ப உள்ள விட மாட்டாங்க."

அவர் பம்ப்பைப் பிடித்தபடியே நின்றார். டேங்க் நிறைந்து அது தானாக நின்றது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் கேட்டேனே."

"பொய் சொல்லிட்டனுங்க."

"சரி, அது போகட்டும். இந்த ஆறு வாரம்? டிக்கெட் எடுத்தப்போ? காலைல வண்டில ஏறினப்போ?"

தரையில் எண்ணெய் சிந்திய கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டினால் தேவலாம் போலிருந்தது. அவர் திட்டவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"செப்டம்பர்ல எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. நீங்க என் வீட்ல வேலை பண்ணியிருக்கீங்க. நான் பணம் குடுத்திருக்கேன். பேப்பர் இல்லாதவருக்கு வேலை குடுத்தா இங்க குத்தம். நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது, சுப்பையன்?"

அப்போதுதான் கவனித்தேன், அவருக்குப் பயம். என் பொய் அவரையும் ஒளியவேண்டியவராக ஆக்கிவிட்டது. எனக்கு இருந்த பயம் எனக்குப் பழகிப்போனது. அவருக்கு அது புதிது.

காரைத் திருப்பினார். பிளானோவில் என் அபார்ட்மென்ட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கும்போது தயிர்சாத டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டபோது வந்த மாதிரி வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அவர்கள் போகிற பயணத்துக்கு என்னால் ஆனதைச் செய்யலாம் என்று பட்டது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்தபின் கடை அடுப்பில் நான்கு நாள் சமைத்தேன். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, உப்புமாவுக்கு எல்லாம் கலந்த ரவை. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் என்று எழுதி ஒட்டினேன். ஒரு உறையில் முந்நூறு டாலர் வைத்தேன். அடுத்த மாத வாடகைக்கு வைத்திருந்தது. கடை வேன் ஓட்டுகிற மாரிசாமி என்னை அந்தத் தெருவில் இறக்கிவிட்டான்.

விசாலாக்ஷியம்மா கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பெட்டியை வாங்கி உள்பக்கம் வைத்தார். பொட்டலங்களைப் பார்த்ததும் அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"புளிக்காய்ச்சலை ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா?"

"வேண்டாமுங்கம்மா. ஈரக் கரண்டி போடாம இருந்தாப் போதும்."

உறையை நீட்டினேன். "இது முந்நூறுங்க. மீதியும் டிக்கெட் பணமும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறனுங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவர் எல்லாத்தையும் விட்டாச்சுன்னு சொல்லச் சொன்னார். டிக்கெட்டையும் சேர்த்து. நீங்க ஒண்ணும் தர வேண்டாம். இனிமே வீட்டுக்கு வர வேண்டாம், போனும் வேண்டாம். எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த உறையை வாசற்படியில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். மானமுள்ளவன் வைத்திருப்பான். எனக்கு ஒன்றாம் தேதி வாடகை ஞாபகம் வந்தது. அதைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். நான் வைப்பதை அந்த அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றார். கதவை மெதுவாகச் சாத்தினார். கடன் அதோடு முடிந்தது.