நாற்பது விநாடி கருப்பசாமி

எதுவாக இருந்தாலும் முதலில் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார் என்று சொல்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். பதினோரு வருடமாக வெப்சைட் செய்து பிழைக்கிறேன். யார் என்ன புலம்பினாலும், முழுக்கக் கேட்பதற்கு முன்பே வாயில் பதில் தயாராக இருக்கும். பக்கம் பழையதாகத் தெரிகிறதா, கேச்சை அழியுங்கள். படம் வரவில்லையா, கேச்சை அழியுங்கள். போன் ஒரு தடவை பார்த்ததையெல்லாம் தனக்குள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்; அந்த நகலுக்குப் பெயர்தான் கேச். அதை அழித்தால் புதிதாகப் போய் எடுத்துவரும். பத்தில் எட்டுத் தடவை சரியாகிவிடும். மீதி இரண்டு தடவையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

செல்லம்மாள் அக்கா ஜங்புராவில் என் வீட்டில் மூன்று வருடம் வேலை பார்த்தார். தமிழ்க்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில், நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டி அவருடைய வீடு. ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். தில்லிக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. கணவர் கருப்பசாமி இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை.

கேம்ப்பை இடிக்க நாள் குறித்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. இடிப்பதை என்னால் நிறுத்த முடியாது, ஒரு வெப்சைட் செய்ய முடியும். எங்களைப் போன்றவர்களுக்கு எந்தத் துக்கம் வந்தாலும் அதுதான் கைமருந்து. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டுப் படத்தையோ வீடியோவையோ அதில் போடலாம். வீடு போனாலும் படம் இருக்கும். இரண்டே நாளில் எழுதி முடித்து ஓர் இலவச சர்வரில் ஏற்றினேன். நாற்பது வீடுகள் சேர்ந்தன. கேம்ப்பில் எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நானும் உட்கார்ந்துகொண்டேன்.

படங்களை எங்கே வைப்பது என்பதில்தான் சோம்பல்பட்டேன். அவற்றுக்கென்று தனியாக ஒரு சேமிப்பிடம் அமைக்க வேண்டும், அரை நாள் வேலை. இப்போதைக்கு சர்வரிலேயே ஒரு ஃபோல்டரில் கிடக்கட்டும் என்று விட்டு, 'பிறகு மாற்ற வேண்டும்' என்று புரோகிராம் கோடுக்குள் ஒரு வரி எழுதி வைத்தேன். எங்கள் தொழிலில் பிறகு என்று எழுதியதை எவரும் பிறகு செய்ததில்லை.

செல்லம்மாள் அக்கா தன் வீட்டைப் படம் எடுக்கப் போனபோது போன் மறுத்துவிட்டது.

"எடம் இல்லன்னு சொல்லுதும்மா. ஒரு போட்டோ எடுக்க வுட மாட்டுது."

வாங்கிப் பார்த்தேன். இருந்ததிலேயே அதிக இடத்தை ஒரே ஒரு வீடியோதான் அடைத்துக்கொண்டிருந்தது. நாற்பது விநாடி. லுங்கி கட்டிய ஓர் ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஏர் கூலரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அது அவரு. அது மட்டும் வேணாம்மா," என்றார் அக்கா.

"அழிக்கச் சொல்லல அக்கா. சைட்ல ஏத்திடறேன். எங்க இருந்து வேணாலும் பாக்கலாம். போன் தொலைஞ்சாகூட அவர் இருப்பார்."

"போயிடாதுல்ல?"

"எங்க போகப்போகுது? நான் இருக்கேன்ல."

ஏற்றினேன். வீட்டுப் படத்துக்குப் பதில் அக்காவின் கட்டத்தில் அதுவே நின்றது. சைட்டிலிருந்து அவர் போனிலேயே ஓட்டிப் பார்த்தேன். படம் வருகிறது, சத்தம் வருகிறது. போதும் என்று போனில் இருந்ததை அழித்தேன். அழித்தவை ஒரு மாதம் கிடக்கும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். வேலை என்று வந்தால் நான் அவ்வளவு சுத்தம்.

கேம்ப் போனது. அக்காவுக்குத் தில்லியின் வடகோடியில், நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. அங்கிருந்து என் வீட்டுக்கு வரப் பேருந்தில் இரண்டு மணி நேரம் ஆகும், வேலையை விட்டுவிட்டார். சாயங்காலம் டீ போட்டு வைத்துக்கொண்டு கருப்பசாமியை ஒரு தடவை பார்த்துவிடுவதாகப் போனில் சொல்வார். "தெனமும் கூலரு ஓடுதும்மா," என்று சிரிப்பார்.

ஒரு வியாழக்கிழமை, மாடி வீட்டுப் பாலசுப்ரமணியம் சார் படியில் என்னை நிறுத்தினார். மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர். "சைட் பார்த்தேன் கவிப்ரியா. பேஷா இருக்கு. எழுத்துதான் எறும்பு மாதிரி இருக்கு, கொஞ்சம் பெரிசு பண்ணப்படாதோ?" என்றார். ஒரே ஒரு வரிதான். மாற்றி ஏற்றினேன். ஏறிவிட்டது என்று பச்சை டிக் விழுந்தது. லேப்டாப்பில் திறந்தேன். நாற்பது வீடுகளும் இருந்தன, எழுத்தும் பெரிதாக இருந்தது. தோசை வார்க்கப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை அக்கா கூப்பிட்டார்.

"அம்மா, அவரு வர்றாரு. மத்தவங்க யாரும் வரலை."

"புரியல அக்கா."

"எல்லா வூடும் வெறுங் கட்டமா கெடக்குது. அருக்காணி வூடு, கோயிலு, ஒண்ணும் இல்ல. அவரு மட்டும் ஓடுறாரு."

அந்த வாக்கியத்துக்குள்ளேயே எல்லாம் இருந்தது. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு யோசித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். நாற்பது வீடுகளும் பத்திரமாக இருந்தன. என் பக்கம் சரியாக இருந்தால் தவறு எதிராளியுடையதுதானே!

"உங்க போன்லதான் பிரச்சினை. நான் சொல்ற மாதிரி பண்ணுங்க. மேல ஓரத்துல மூணு புள்ளி இருக்கா?"

அக்காவுக்கு இந்தி பேச வரும், எந்த மொழியும் படிக்க வராது. எனக்கோ அந்த மெனு முழுக்க மனப்பாடம்.

"இருக்குது."

"அமுக்குங்க. குப்பைத்தொட்டி மாதிரி ஒரு படம் வருதா?"

"வருதும்மா. அமுக்குனா ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆகாது. அமுக்குங்க. அடுத்து நீல பட்டன், அதையும்."

"அச்சா. அமுக்கிட்டேன்."

"இப்ப சைட்டைத் திறங்க."

பின்னால் எங்கோ குக்கர் விசிலடித்தது.

"அம்மா, இப்ப அவரும் வரலை."

அப்போதுதான் லேப்டாப்பில் நகல் எதுவும் வைத்துக்கொள்ளாத வேறொரு ஜன்னலில் சைட்டைத் திறந்தேன். நாற்பது வெற்றுக் கட்டங்கள். சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் காலி, அது பிறந்த தேதி வியாழக்கிழமை என்றிருந்தது. அந்த சர்வர், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பழைய இடத்தை மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். நாம் எழுதிய கோட் மட்டும் திரும்பி வரும், குடியிருந்தவர்கள் வந்து வைத்தது எதுவும் வராது. எனக்குத் தெரியாதா? புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

கருப்பசாமி வியாழக்கிழமையே போய்விட்டார். என் லேப்டாப் காட்டியது பழைய நகல். அக்கா மூன்று நாள் பார்த்ததும், தினமும் ஓட்டியதால் அவர் போனில் தங்கிப்போன நகல்தான். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே கருப்பசாமி அதற்குள் இருந்தார். அவரை அக்காவின் விரலாலேயே அழிக்கவைத்தேன்.

"நெட்டு சரியில்லையாம்மா?" என்றார் அக்கா.

"பாக்கறேன் அக்கா," என்றேன்.

சர்வர்காரர்களுக்கு எழுதினேன். மரியாதையாக இரண்டு வரியில் கைவிரித்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் போனில் படங்கள் இருந்தன. திரும்ப வாங்கி, இந்தத் தடவை ஒழுங்கான இடத்தில் வைத்தேன். அந்த அரை நாள் வேலையை அரை நாளில் முடித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது. முப்பத்தொன்பது வீடுகள் வந்துவிட்டன. ஒரு கட்டம் காலி. அந்த வீடியோவை லேப்டாப்பில் நான் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை. அதனால் லேப்டாப் நகலில் மிஞ்சியது தபால்தலை அளவில் அதன் முகப்புப் படம் ஒன்று மட்டும்.

அக்கா தினமும் கூப்பிட்டார். "ஜல்தி இல்லம்மா, மெதுவா பாருங்க," என்பார். ஐந்து நாள் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பொய் சொன்னேன். சனிக்கிழமை அந்தப் படத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் எடுத்துக்கொண்டு நரேலா போனேன்.

வீட்டில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரோரமாக அதே கூலர். டீ கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். போனில் தவறில்லை, நெட்டில் தவறில்லை, நான் செய்தது, இனி வராது. அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன். அக்கா அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "முதுவுதான் தெரியுது," என்றார்.

பிறகு, "நீங்கதான ஏத்துனீங்க. கேட்டிருப்பீங்கல்ல, என்னா சொல்லுவாருன்னு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சத்தம் வருகிறதா என்று பார்த்தேனே தவிர, என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை வுடாம தெரியும்."

எழுந்துபோய்க் கூலர் பக்கத்தில் நின்றார். அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏய் செல்லம், ஓடுது பாரு. அங்க என்னா படம் புடிச்சிக்கினு நிக்கிற? வா, வந்து காத்துல நில்லு."

நின்று கேட்டார். இன்னும் தாழ்த்தி, கரகரப்பாக இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என் கொரல்லதாம்மா வருது."