குமிழ் நிற்கும்வரை

மேல்திருகு கழலவில்லை. ஸ்பானரை மாற்றிப் பிடித்து இன்னொரு முறை அழுத்தினான். கழன்றது. ஸ்டியரிங் பெட்டியின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே பல்சக்கரம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

கழுவியது அவன் மனைவி. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின வாரம், பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்து, மண்ணெண்ணெய் விட்டு அலசி, "சரியான எண்ணெய் கிடைக்கற வரைக்கும் இந்தக் கார யாரும் தொடக் கூடாது" என்று சொல்லி வைத்தாள். எண்ணெய் டின் வந்து சேர்ந்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

நேற்று மாலை அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் கிடத்தியிருக்கிறது. வாசலில் அமரர் ஊர்தி வந்து நிற்கிறது. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மாமனார் காலையில் காப்பியைத் தொடாமல் ஒன்றே ஒன்று சொன்னார். "பாப்பா பின்னாடி நான் நம்ம கார்லதான் வருவேன்."

அவள் பிறப்பதற்கு முன்பே அவர் வாங்கிய கார் அது. கல்யாணத்தன்று சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டுவது போல் நீட்டி, மகள் கையில் வைத்தார். "மாப்பிள்ளைக்கு ஓட்டத்தான் தெரியும். பாத்துக்கறது நீதான்." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சொன்னது பொய்யில்லை.

மைத்துனன் கார் ஷெட்டுக்குள் வந்தான். அவளுக்கு இளையவன். ராத்திரி முழுக்க நாற்காலி இழுத்துப் போட்டும் போன் பேசியும் குரல் கட்டியிருந்தது.

"அத்தான், வேன்காரர் கேக்கறார்."

"இதுல எண்ணெயே இல்லடா."

"மயானம் வரைக்கும் தானே. கிரீஸ அப்பி எடுத்துட்டுப் போனா ஆகாதா?"

"கிரீஸ் பல்லுலேர்ந்து ஒதுங்கினா ஒதுங்கினதுதான். எண்ணெய்னா திரும்ப வந்து விழும். உங்கக்கா சொல்லுவா."

"சரி, அந்தத் தொண்ணூற ஊத்துங்க. சீக்கிரம் இறங்கும்."

அலமாரியில் கெட்டித்தன்மைக்கு எண் போட்ட இரண்டு எண்ணெய் டின்கள் இருந்தன. தொண்ணூறு கியர்பாக்ஸுக்கு வாங்கியது. நூற்று நாற்பது இதற்கென்றே அவள் தேடிப் பிடித்தது. இன்னும் கெட்டி.

"தொண்ணூறு இந்தப் பெட்டியில நிக்காது. ஒழுகிடும்."

"போய்ட்டு வர்ற வரைக்கும் கூடவா நிக்காது?"

நியாயமான கேள்வி. போய் வரும்வரை தாராளமாக நிற்கும். அவன் நூற்று நாற்பதை எடுத்துத் திறந்தான்.

மைத்துனன் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே பனி இன்னும் விலகவில்லை. டின்னைச் சாய்த்தும் எண்ணெய் வாய்வரை வந்து தயங்கியது.

"சுடுதண்ணில கொஞ்ச நேரம் வெச்சு எடுத்துட்டு வரவா? இளகிடும்."

"வேணாம்."

"அக்காவும் நீங்களும் ஒரே மாதிரி படுத்தறீங்க" என்றான். சொன்னபிறகு அவனுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

மருந்துப் பையில் பிரிக்காத பெரிய சிரிஞ்சு ஒன்று மிச்சமிருந்தது. கடைசி நாட்களில் அவளுக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்த வகை. அதில் எண்ணெயை இழுத்துத் துளைக்குள் விட்டான். கட்டை விரல் வலித்தது.

மாமனார் வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது.

"எது விடறீங்க?"

"நூத்தி நாப்பது, மாமா."

"ம். அந்தப் பக்கச் சக்கரத்துக்கு ஐட்லர்னு ஒரு சின்னப் பெட்டி இருக்கு. எல்லாரும் அத மறந்துடுவாங்க."

"அதுக்கும் விடணும்."

"விடுங்க. அரைகுறையா வேணாம்." ஜாக்கில் தூக்கி நிறுத்தியிருந்த முன்பக்கத்தைப் பார்த்தார். "ஸ்டியரிங்க யார் திருப்பறது?"

"எப்பவும் நான்தான். அவ ஊத்துவா."

"இன்னிக்கு நான் திருப்பறேன்."

டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இடது கோடிவரை திருப்பி, வலது கோடிவரை கொண்டுவந்தார். உள்ளே மாட்டிய காற்று குமிழாக மேலே வந்து மெல்ல உடைந்தது. மட்டம் இறங்கியது. மறுபடி ஊற்றினான். மறுபடி திருப்பினார். குமிழ் நிற்கும்வரை இப்படித்தான். இது நிரம்பிவிட்டால் ஜாக்கை இறக்க வேண்டும். ஜாக்கை இறக்கினால் கூடத்திலிருந்து அவளைத் தூக்குவார்கள்.

வேன் டிரைவர் ஷெட் வாசலில் வந்து நின்றார். "சார், அங்க நமக்குன்னு ஒரு நேரம் குடுத்திருக்காங்க."

"எண்ணெய் இறங்கணும்."

டிரைவர் டின்னைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தார். "சரி சார். போறவங்களுக்கு எந்த அவசரமும் இல்ல. கூட வர்றவங்கதான் பறப்பாங்க. நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்." பீடியைத் தேடிக்கொண்டு கேட் பக்கம் நடந்தார்.

ஐட்லருக்குக் கொஞ்சம்தான் பிடித்தது. திருகைப் போட்டு மூடிவிட்டு, மறுபடி பெரிய பெட்டிக்கு வந்தான்.

"குமிழ் வருதா?" மாமனார் கேட்டார்.

டார்ச் அடித்தான். எண்ணெய் துளையின் மரைவரை நிரம்பி அசையாமல் கிடந்தது.

"வருது மாமா."

அவர் திருப்பினார். "இப்போ?"

"இன்னும் வருது."

வீட்டுக்குள் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. மைத்துனன் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான். "அப்பா, எடுத்துடலாமா?"

மாமனார் இறங்கினார். முன்னால் சுற்றி வந்து, மருமகன் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக் குனிந்தார். துளைக்குள் வெகுநேரம் பார்த்தார். டார்ச்சை அணைத்து அவனிடம் கொடுத்தார். அவன் தன் கைகளில் இருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொறுடா" என்றார் ஜன்னலைப் பார்த்து. "உள்ள இன்னும் காத்து இருக்கு."

ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் இடப்பக்கம் போய், கொஞ்சம் நின்று, வலப்பக்கம் திரும்பின.