சாம்பல் பூத்த கால்கள்

...ஒரு சொட்டு க்ரீம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும், கை அகலத்துக்குப் புட்டி, வீட்டையே மெழுகலாம், அதைப் போய் வெடுக்கென்று பிடுங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாளே அம்மா, என்றுதான் யுதெல்கா வேனில் ஏறியதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைப்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது, இன்றைக்கு முதல் நாள், இருட்டியதும் முன்பின் தெரியாத ஆண்கள் முன்னால் துணியைக் கழற்றி ஆடப் போகிறாள், பயப்பட வேண்டியது அதற்குத்தான், ஆனால் குனிந்தால் கண்ணில் படுவது இந்தக் கால்கள், முட்டியிலிருந்து கணுக்கால் வரை சாம்பல் பூத்து வறண்ட கால்கள்... இப்படி வாசலைத் தாண்டினால் வளர்ப்பு சரியில்லை என்று தெருவே பேசும், அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்த்தவளே அம்மாதானே, பள்ளிக்கூடத்துக்கு, மாதா கோயிலுக்கு, மூலைக் கடைக்கு முட்டை வாங்கப் போனால்கூட, "ஒனெய்டா மக சாம்பக் காலோட சுத்துறான்னு ஊர் சொல்லணுமா, இங்க வாடி" என்று முட்டியைப் பிடித்து நிறுத்தி வழவழவென்று தேய்த்துவிடுவாள், யுதெல்காவுக்கு நய்லா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போதுகூட, குனிய முடியாமல் கிடந்த மகளின் காலுக்கு அம்மாதான் தேய்த்துவிட்டாள். வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவள், அவளுக்கு அன்பு என்று ஒன்று இருந்தால் அது அந்த உள்ளங்கையில்தான் இருந்தது, இன்றைக்கு அதுவும் இல்லை. புட்டியைத் திறந்தவளிடம், "வேணாம், வெயிலா இருக்கு, வழியும்" என்றாள். சாந்தோ தொமிங்கோவில் வெயில் இல்லாத நாள் ஒன்று உண்டா?

"கொஞ்சம் ஒடுங்கி உக்காரும்மா ராணி, இன்னும் நாலு பேரு வாழணும்" என்று கதவில் தொங்கிக்கொண்டு வந்த கண்டக்டர் கத்தினான், பக்கத்தில் இருந்த பருத்த அம்மாள் "எங்கடா ஏத்துவ, என் மடியிலயா?" என்றாள், "மடி காலியா இருக்கா கண்ணு?" என்றான் அவன், வேனே சிரித்தது, யுதெல்காவும் சிரித்தாள், சிரிக்க முடிகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. ரோசான்னி சொன்னதையாவது ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம், அடுத்த வீட்டு ரோசான்னி, கூடப் படித்தவள், இவள் ஆடப் போகிற கிளப்பில் பழம் தின்று கொட்டை போட்டவள், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே மூச்சுவிடாமல் சொன்னாளே... "சொந்தப் பேரைச் சொல்லிடாத. வீடு எங்கன்னு கேட்டா ஊருக்கு அந்தக் கோடியைச் சொல்லு. அவனுங்க வாங்கித் தர்றதைக் குடிக்காத, பார்ல நிக்கறவகிட்ட கண்ணைக் காட்டு, வெறும் ஜூஸை ஊத்தித் தருவா. மினுமினுப்புத் தூள் பூசாத, பொண்டாட்டி உள்ளவன் சட்டையில ஒட்டிச்சுன்னா அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டான். கண்ணைப் பாக்காத, புருவத்துக்கு நடுவுல பாரு, தன் கண்ணைத்தான் பாக்குறான்னு நினைச்சுக்குவான், முட்டாப்பய. மத்தியானம் பீன்ஸ் திங்காத, வயிறு உப்பிக்கிட்டு மேடையில நிப்ப." அழுகை வந்தால் என்ன செய்வது என்று யுதெல்கா கேட்டதற்கு, "அழு, யாரு வேணாம்னா? மை போடறதுக்கு முன்னாடி அழுதுடு" என்றாள். பிறகு, நனைந்த சட்டையை உதறாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஆட்டத்துக்கு நடுவுல வீட்டுக்கு மட்டும் போன் பண்ணாதடி, குரலு காட்டிக் குடுத்துடும், தூங்கி எந்திரிச்சு காலையில பேசு" என்றாள். அவளுக்கும் ஒரு மகன் இருக்கிறான், ஊரில், அவன் அத்தை வீட்டில்.

அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. மற்றது எது நடந்தாலும் நடக்கட்டும். தெரிந்தால் நய்லாவைக் கண்ணில் காட்ட மாட்டாள், அவ்வளவு அழுத்தக்காரி, நய்லாவின் அப்பன் போர்ட்டோ ரிக்கோவுக்குப் படகேறிப் போய் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் போட்டபோது அவன் துணிமணியை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் மூட்டை கட்டித் தெருவில் வைத்தவள். அவளிடம் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல், வரவேற்பில் நிற்கிற வேலை, இரவு ஷிஃப்ட் என்று சொல்லியிருக்கிறது, கண்ணாடி முன்னால் நின்று பழகிச் சொன்ன பொய், எந்த ஹோட்டல் என்று கேட்டால் சொல்ல ஒரு பேர், மேனேஜருக்கு ஒரு பேர், சீருடைக்கு ஒரு நிறம்கூட யோசித்து வைத்திருந்தாள், அம்மா எதையுமே கேட்கவில்லை. "சரி" என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். மகள் எந்த ஹோட்டலில் வேலைக்குப் போகிறாள் என்றுகூடக் கேட்கத் தோன்றாத மனுஷி... தப்பித்தோம் என்று மூச்சுவிட்டிருக்க வேண்டும், ஆனால் நெஞ்சு ஏன் அப்படி வலித்தது, கேட்கட்டும், துருவட்டும், பிடித்து நிறுத்தட்டும் என்று உள்ளே ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாளா? மத்தியானம் தட்டில் மசித்த வாழைக்காயும் ஒரு முட்டையும். பீன்ஸ் இல்லாத மத்தியானத்தை அந்த வீட்டில் அவள் பார்த்ததில்லை. கடையில் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நய்லா வாசல்படியில் உட்கார்ந்து ஒற்றைச் செருப்பைக் காட்டி "அம்மா, இதை மாட்டிவிட்டுட்டுப் போ" என்றது, மாட்டிவிட்டதும் மற்றதைக் கழற்றிக்கொண்டது, அம்மாதான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு "நீ கிளம்பு, திரும்பிப் பாக்காமப் போ, பாத்தா அழுவா" என்றாள், எவ்வளவு அனுபவசாலி, திரும்பிப் பார்க்காமல் போவதில் அம்மாவை யார் மிஞ்ச முடியும்... இந்த மகளை ஆறு வயதில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு குரசாவோ தீவுக்குப் போனவள்தானே, ஏதோ பெரிய ஹோட்டலின் சமையல்கட்டில் வேலை என்று. மாதா மாதம் பணம் வந்தது, சிவப்பு மெழுகு பூசிய பாலாடைக்கட்டி உருண்டை வந்தது, மஞ்சள் முடி வைத்த பொம்மை வந்தது, அம்மா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எதிர்வீட்டு போனில் ஒரு குரல் வரும், கரகரத்து, தூக்கம் கலையாமல், "சாப்பிட்டியா? காலுக்குப் பூசினியா?" என்று, அவ்வளவுதான், அம்மா அங்கே நன்றாகத் தூங்குகிறாள் போலிருக்கிறது என்று அப்போது ஆத்திரமாக வரும். மூன்று வருஷம் கழித்து வந்தாள், இடது கணுக்கால் கோணி, கொஞ்சம் விந்தி விந்தி. சமையல்கட்டில் ஈரத்தில் வழுக்கிவிட்டதாம். யுதெல்கா சித்தியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், அந்த விந்தி நடக்கிற பொம்பளையிடம் போக மாட்டேன் என்று வீறிட்டாள். ஒருவகையில் பார்த்தால் அதற்குப் பிறகும் போகவே இல்லை.

வேனை விட்டு இறங்கி, பின்சந்தில் நுழைந்து, குப்பை டிரம்மைத் தாண்டினால் கிளப்பின் பின்கதவு. மின்சாரம் போயிருந்தது, ஜெனரேட்டரை இன்னும் போடவில்லை, உடை மாற்றும் அறையில் ரோசான்னி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். "வாடி வாடி, உயிர் வந்துச்சு எனக்கு" என்று பாய்ந்து வந்தவள், கட்டிப்பிடிப்பாள் என்று பார்த்தால், அப்படியே கீழே உட்கார்ந்து யுதெல்காவின் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தாள், ஒரு கால், அப்புறம் மறு கால். "மாதாவே, காப்பாத்தின! காலுக்கு எதுவும் பூசல இல்ல? க்ரீமு, எண்ணெய் எதுவும்?"

"இல்ல. ஏன்?"

"ஏனா? ஆடுற அன்னிக்குத் தோல்ல எதுவும் இருக்கக் கூடாதுடி, மேடைக் கம்பத்துல கால் பிடிக்காது. மேல ஏறித் தலைகீழாத் தொங்குற நேரத்துல வழுக்கிச்சுன்னு வை, எலும்புதான். போன மாசம்கூட ஒருத்தி விழுந்தா. நீ பழகறதுக்குத் தூங்கி எந்திரிச்ச மூஞ்சியோட, எதுவும் பூசாம வருவியா, எனக்குச் சொல்லவே தோணல. மத்தியானம் குளிக்கறப்பத்தான் பக்குன்னு ஆச்சு, போன் போட்டா நீ எடுக்கல. குளிச்சுட்டுப் பூசாம வெளியில கிளம்புற பொண்ணு இந்த ஊர்ல எவ இருக்கா? யாருடி சொன்னா உனக்கு?"

"எங்கம்மா" என்றாள் யுதெல்கா.

ரோசான்னி சிரித்தாள். "உங்கம்மா போற ஜெபக்கூட்டத்துல இதெல்லாமா சொல்லித் தர்றாங்க? அவங்களுக்கு எப்படித்..." என்று கேட்க வந்தவள் யுதெல்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள், அட்டையை எடுத்து அவளுக்கு விசிறினாள்.

வெயிலா இருக்கு, வழியும்... வேறென்ன சொல்லியிருக்க முடியும் அம்மாவால், மகள் ஒரு பொய் சொன்னாள், அம்மா அதன்மேல் இன்னொரு பொய்யைப் போர்த்தி அனுப்பிவைத்தாள், எந்த ஹோட்டல் என்று கேட்காமல், பீன்ஸ் போடாமல், காலைத் தொடாமல், தொட்டிருந்தால் தேய்த்துவிடத் தோன்றியிருக்கும், தேய்த்தால் போகாதே என்றும் வாயில் வந்திருக்கும்... அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகள், அந்தக் கரகரத்த குரல், விடிய விடிய ஆடிவிட்டு, படுப்பதற்கு முன்னால், சாப்பிட்டியா, காலுக்குப் பூசினியா... நான் இங்கே பூச முடியாது, நீயாவது பூசிக்கொண்டாயா என்று. அந்தப் பொம்பளையிடம் போக மாட்டேன் என்று வீறிட்டோமே. இப்போதே கூப்பிட்டு அம்மா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லிவிட்டு என்ன சொல்வது, கூப்பிடக் கூடாது, குரல் காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் காட்டிக்கொடுக்க இனி என்ன இருக்கிறது? ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தது, கண்ணாடியில் அவள் கால்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. "மை போடணும்டி, அழறதுன்னா இப்பவே அழுதுடு" என்றாள் ரோசான்னி மெதுவாக. யுதெல்கா குனிந்து தன் இடது கணுக்காலைக் கையால் பொத்திக்கொண்டாள், அம்மாவுக்குக் கோணிய அதே கணுக்கால். குரசாவோவில் அந்த முதல் நாள், எந்த அறையிலோ, யாருமில்லாத அம்மாவுக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? யாரும் சொல்லவில்லை. பளபளவென்று பூசிக்கொண்டுதான் போயிருப்பாள், வளர்ப்பு சரியில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று.