தழும்பில்லாத கால்

எக்ஸ்ரே படத்தில் துளை இல்லை.

ஹேமலதா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன்பு அந்தக் கறுப்புக் கிடாவின் பின்னங்கால் எலும்பில் கால்நடை டாக்டர் துளை போட்டார். அவள் பிசைந்து கொடுத்த எலும்பு சிமெண்ட்டை அதில் அடைத்தார். கால்சியம் பாஸ்பேட் பொடியோடு, நண்டு ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானும் சேர்ந்த சிமெண்ட் அது. வெறும் சிமெண்ட் எலும்புக்குள் கல் மாதிரி கிடக்கும். கைட்டோசான் சேர்ந்தால் செல்கள் ஒட்டிப் பெருகும், சிமெண்ட் மெல்லக் கரையும், அந்த இடத்தில் எலும்பு வளரும். பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அவள் நிரூபிக்கப் பாடுபட்டது அதைத்தான்.

வெறும் சிமெண்ட் வைத்த செவலை ஆட்டின் படத்தில் வெள்ளைப் பொட்டு பளிச்சென்று இருந்தது. கறுப்புக் கிடாவின் காலிலோ எதுவுமே நடக்காதது போல எலும்பு முழுசாக இருந்தது.

பேராசிரியர் அரியமுத்து படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "அடேயப்பா! முழுசா வளர்ந்துருச்சேம்மா! சென்னைக் கருத்தரங்குல நீதான் பேசுற. இந்த ஒரு படம் போதும், உன் பிஎச்.டி. முடிஞ்ச மாதிரி."

"இவ்வளவு சீக்கிரம் கரையாதுங்க சார்."

"கரைஞ்சிருக்கே!"

"துளியாவது மிச்சம் இருக்கணுங்க சார்."

"நல்லது நடந்தா நம்ப மாட்டியா நீ? போம்மா, போயி பேச்சத் தயார் பண்ணு."

நாலு பேர் முன்னால் நின்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தான் நம்பாத படத்தைக் காட்டி மேடையில் எப்படிப் பேசுவது? படம் மாறிவிட்டதா? எக்ஸ்ரே எடுக்கும்போது கிடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். அப்படியானால் மாறியது படமில்லை.

ஆட்டுக் கொட்டகைக்குப் போனாள். கிடாவின் பின்னங்காலை மடியில் வைத்து ரோமத்தை விலக்கினாள். விரலுக்குத் தையல் தழும்பு தட்டுப்படவில்லை. மற்றக் காலிலும் இல்லை. இடது காதில் கிழிசல் மட்டும் பழையபடி இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் இன்னும் பொருக்கு உதிரவில்லை.

"அண்ணே, இது நம்ம கிடாதானா?"

ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லப்பன் தழை கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "கறுப்பு, காதுல கிழிசல். வேறென்ன வேணும் உனக்கு?"

"தழும்பு எங்க?"

"ஆறிப்போச்சு."

"புண்ணுதான ஆறும்? தழும்பு எங்க போவும்?"

செல்லப்பன் தழையைக் கீழே போட்டார். "சார்கிட்ட சொல்லிடாத தாயி. அது சாமி கிடா. நேர்ந்து வுட்டாதான் காதக் கிழிப்பாங்க. கீழப்பழுவூர்ல வீராயின்னு ஒரு அம்மா. அவ புருசன் அவளுக்குத் தெரியாம நமக்கு வித்துப்புட்டான். போன வாரம் வந்து அழுவுது. அதே மாதிரி இன்னொண்ணு, இதவிடக் கொழுத்தது, காதையும் கிழிச்சுக் கொண்டாந்து வுட்டுட்டு அத ஓட்டிட்டுப் போச்சு. நமக்கென்ன நட்டம்? இதுக்கும் நாலு காலு இருக்குல்ல?"

"அந்தக் கிடா இப்ப எங்கண்ணே?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உச்சிப்பொழுதுல வெட்டு."

எலும்பைக் கெடாமல் வைக்க ஃபார்மலின் ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள். அரியலூரில் இறங்கி வேறு பஸ். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வழியெல்லாம் மறித்தன.

கருப்புசாமி கோயிலில் கிடாவுக்கு மாலை போட்டாயிற்று. ஹேமலதா ஓடிப்போய்ப் பின்னங்காலைத் தொட்டாள். ரோமத்துக்கு அடியில் தையல் வரி நெருடியது.

"யாருடி நீ? சாமி கிடா காலத் தடவுற?" வீராயி கயிற்றை இழுத்துக்கொண்டாள்.

ஹேமலதா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். சிமெண்ட் என்றதும் வீராயி சிரித்தாள். "அரியலூர்க்காரிகிட்டயே சிமெண்டா?" நண்டு ஓடு என்றதும் சிரிப்பு நின்றது. "ஆட்டுக்குள்ள நண்டா? கிடாவத் திருப்பி ஓட்டிட்டுப் போவ என்னமா கதை கட்டுறா பாருங்க!"

பூசாரி கையமர்த்தினார். "ஊனமிருந்தா கருப்பு ஏத்துக்காது. நடக்கவுடு பாப்பம்."

வீராயி கிடாவை நடக்கவிட்டாள், ஓடவிட்டாள். ஹேமலதா அந்தக் காலையே பார்த்தாள். செவலை ஆடு இன்னும் லேசாக இழுத்து நடக்கும். இது துள்ளியது.

"படிச்ச பொண்ணு, நீயே சொல்லு," என்றார் பூசாரி. "நொண்டுதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிடாவை அவள் பெரம்பலூருக்கே ஓட்டிப் போகலாம்.

"இல்லைங்க. நல்லா நடக்குது."

வீராயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெட்டினப்புறம் அந்தக் காலு மட்டும் எனக்கு வேணுங்க."

"தலையும் காலும் பூசாரிக்கு. ஏன், சூப்பு வைக்கவா?"

"வேக வைக்கக் கூடாதுங்க. பச்சையா வேணும்."

பூசாரியின் கண் சுருங்கியது. "பச்சையா கொண்டுபோயி யாருக்கு வைக்கப் போற?"

செய்வினையைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "இங்கயே, உங்க முன்னாடியே எலும்பப் பொளந்து பாருங்க. நான் சொன்னது உள்ள இல்லேன்னா போயிடுறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் சிமெண்ட் உண்மையிலேயே முழுதாகக் கரைந்திருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. பொய்க்காரி என்று விரட்டுவார்கள்.

வெட்டு முடிந்தது. பூசாரி காலைக் கல்லில் வைத்து, அவள் காட்டிய இடத்தில் அரிவாளைப் போட்டார். ஹேமலதா குனிந்தாள்.

எலும்புக்குள் மிளகளவு வெள்ளை இருந்தது. அன்று அடைத்ததில் பாதிகூட இல்லை. அதைச் சுற்றி, அதற்குள்ளேயும் புகுந்து, இளஞ்சிவப்பாகப் புது எலும்பு.

பூசாரி நகத்தால் சுரண்டினார். "கல்லு மாதிரிதான் இருக்கு."

"நண்டக் காணுமே," என்றாள் வீராயி. இன்னும் அவள் நம்பவில்லை. "சரி, எடுத்துட்டுப் போ. சாமி தின்னாச்சு."

ஹேமலதா எலும்பை ஜாடிக்குள் இறக்கி மூடியை இறுக்கினாள். முழுசாகக் கரையாத இந்தப் பாதி சாருக்குப் பிடிக்காது. பேச்சை முதலிலிருந்து எழுத வேண்டும். பஸ் வரும்வரை சாலையோரம் நின்று, முதல் வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.