முதல் உருண்டை

இரும்புச்சத்து ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போகும் கலைமதி, வெண்மதியின் வீட்டில் உட்கார்ந்து ரத்த முடிவுக் காகிதத்தை மறுபடியும் பார்த்தாள். இண்டூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த மற்ற பெண்களுக்கெல்லாம் கொஞ்சமாவது இரும்பு ரத்தத்தில் ஏறியிருந்தது. வெண்மதிக்கு மட்டும் அநேகமாக ஒன்றுமில்லை.

"நாந்தான் சொல்றனே, இவ ஒடம்புல எதுவும் ஒட்டாது. புள்ளயும் ஒட்டல, மாத்திரையும் ஒட்டல," என்றாள் வெண்மதியின் மாமியார் ராணியம்மாள், புடைத்துக்கொண்டிருந்த முறத்திலிருந்து நிமிராமலே.

வெண்மதிக்கு இரண்டு முறை கரு கலைந்தபோதும் ரத்தம் பத்தாது என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமியார் சொல்வது நிஜமா என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் இதில் சேர்ந்திருந்தாள்.

சோதனை எளிமையானதுதான். எல்லா இரும்பணுவும் ஒரே எடை இல்லை. எடை சற்றுக் கூடியவையும் இயற்கையிலேயே கொஞ்சம் உண்டு. அவற்றைத் தனியே பிரித்துக் கரைத்து, கேழ்வரகுக் களியின் மேல் ஊற்றித் தின்னக் கொடுப்பார்கள். குடல் எடுத்துக்கொண்டது, எலும்புக்குள் புதிதாகப் பிறக்கும் சிவப்பணுக்களில் போய்ச் சேரும். இரண்டு வாரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் அந்தக் கனத்த இரும்பு எவ்வளவு என்று இயந்திரம் அளந்துவிடும். ஊற்றியது முழுக்க வாய்க்குள் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அன்னிக்கு டீ எதாச்சும் குடிச்சீங்களாக்கா?"

"டீ இரும்ப உள்ள வுடாதுன்னு நீதான சொன்ன? தொடவே இல்ல."

"எப்பிடிச் சாப்ட்டீங்க? அதேமாதிரி செஞ்சு காட்டுங்க."

வெண்மதி வெட்கப்பட்டுக்கொண்டே காலித் தட்டின் முன் உட்கார்ந்தாள். இல்லாத களியின் உச்சியைக் கிள்ளி உருட்டினாள். கை வாசல் பக்கம் நீண்டு விரிந்தது. படுத்திருந்த செவலை நாய் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது.

அன்றும் கலைமதி பக்கத்திலேயேதான் இருந்தாள். கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை. அவள் வீட்டிலும் முதல் உருண்டை நாய்க்குத்தான்.

"அக்கா! நான் ஊத்துன எடத்தயே கிள்ளி அதுக்குப் போட்டுட்டீங்க."

"அப்ப எனக்கு ஏறலன்னு இல்ல?"

"தெரியலக்கா. இன்னும் பாக்கவே இல்லன்னு வெச்சுக்குங்க."

ராணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "அந்த நாய்க்கு ரத்தம் எடுத்துப் பாரும்மா. அதான் தெருவுல ஒருத்தரையும் நடக்க வுட மாட்டேங்குது."

அடுத்த முறை கலைமதி கரைசலைக் களி முழுவதும் கலக்கும்படி பிசைந்து கொடுத்தாள். நாய்க்கு வாசலில் தனியாக ஓர் உருண்டை. வெண்மதி உச்சியைக் கிள்ளினாள். கை பழக்கத்தில் வாசல் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. நாய் தன் உருண்டையை மோந்துகூடப் பார்க்காமல் அந்தக் கையை நோக்கி வந்தது.

ராணியம்மாள் எழுந்து போய் நாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நீ தின்னு," என்றாள்.

நாய் திமிறியது. நாய், மாமியார், கலைமதி மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, வெண்மதி உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனாள்.