இடைவேளைக்குள் நோயைச் சொல்

இண்டூரில் பிளஸ் ஒன் படிக்கும் ஐஸ்வர்யாவும் அவள் தோழி கோகிலவாணியும் டிவியில் ஆஸ்பத்திரி சீரியல் பார்த்தால் வீடே அதிரும். நோயாளியைக் கொண்டுவந்ததும் விளம்பரம் போடுவார்கள். அது முடிவதற்குள் என்ன நோய் என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் ஆட்டம். சீரியல் காட்டியது சரியா என்று மறுநாள் உயிரியல் டீச்சரைக் கேட்பார்கள். தப்பு கிடைத்துவிட்டால் இருவருக்கும் தலைகால் புரியாது.

போன வாரம் ஒரு நோயாளிக்குப் பக்கவாதம். கதாநாயகி டாக்டர் அவரைச் சிரிக்கச் சொன்னாள், கைகளைத் தூக்கச் சொன்னாள், பேசச் சொன்னாள். பிறகு வாயில் மாத்திரை போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போயிருமேடி!" என்று கத்தினாள் கோகிலவாணி. டீச்சரும் மறுநாள் அதையேதான் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஐஸ்வர்யாவின் மாமா கதிரவன் டெம்போவில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஐஸ்வர்யா பெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். திடீரென்று ஒரு பெட்டி அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் சாப்புடாம வந்தாரு, பித்த மயக்கந்தான்" என்று அத்தை நிர்மலாதேவி சோடா வாங்க ஓடினார்.

ஐஸ்வர்யா அவர் முன்னால் மண்டியிட்டாள். "மாமா, சிரிங்க."

வாய் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது.

"ரெண்டு கையும் தூக்குங்க!"

வலது கை பாதியிலேயே விழுந்தது. பேச முயன்றார், நாக்கு குழறியது. ஐஸ்வர்யா செல்போனில் மணி பார்த்தாள். ஏழு ஐம்பது. உடனே 108-ஐ அழைத்தாள்.

அத்தை சோடாவோடு வந்ததும் ஐஸ்வர்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க அத்த! பொரையேறிரும். இது பக்கவாதம்!"

"டிவி பாத்துட்டு டாக்டராயிட்டியா நீ?"

"டிவியில தப்பாத்தாங்க அத்த குடுத்தாங்க! அந்தத் தப்பக் கண்டுபுடிச்சதாலதான் எனக்குத் தெரியும்!"

அத்தை சோடாவைக் கீழே வைத்தார்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுது?"

அத்தை ஐஸ்வர்யாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏழு அம்பதுங்க டாக்டர். பெட்டி கையிலருந்து விழுந்தப்ப" என்றாள் ஐஸ்வர்யா.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இருக்கு. ஸ்கேன் எடுங்க, சீக்கிரம்!"

மூளையில் ரத்தக்கட்டு இருந்தது. அதைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் போட்டிருக்க முடியாது என்று நர்ஸ் சொன்னபோது அத்தை ஐஸ்வர்யாவை இறுக்கி அணைத்துக்கொண்டார். கை முழுதாகச் சரியாகச் சில வாரங்கள் பயிற்சி வேண்டுமாம்.

சாயங்காலம் கதிரவன் கண் திறந்தார்.

"தக்காளி மண்டிக்குப் போச்சா?"

ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது. அத்தை சிரிப்பும் அழுகையுமாக நின்றார். ஐஸ்வர்யா வராந்தாவுக்கு ஓடிப்போய் கோகிலவாணிக்குப் போன் போட்டாள்.

"மாமா பேசிட்டாருடி!"

மறுமுனையில் எழுந்த கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.